டிரெண்ட்லைன் 45 டிகிரியா? எந்த அளவுத்திட்டத்தில்?

போன தடவை பங்கு விலை சார்ட்டில் ஸ்விங் லோக்களை (விலை இறங்கித் திரும்பும் தாழ்வான புள்ளிகளை) இணைத்து டிரெண்ட்லைன், அதாவது விலை போகும் திசையைக் காட்டும் கோடு, வரைவதைப் பேசினோம். அதன் பிறகு வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் கோணத்தைப் பற்றியவை. ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

சார், ஒரே பங்கு, ஒரே டிரெண்ட்லைன். மொபைலில் பார்த்தால் செங்குத்தாக நிற்கிறது, லேப்டாப்பில் படுத்துக் கிடக்கிறது. எது சரியான கோணம்? (திருப்பூர்)

இரண்டுமே இல்லை. பத்தாம் வகுப்பில் கிராஃப் போட்டது ஞாபகம் இருக்கிறதா? தாளின் வலது மேல் மூலையில் ‘அளவுத்திட்டம்: x அச்சில் 1 செ.மீ. = 1 அலகு’ என்று எழுதாவிட்டால் மார்க் போய்விடும். சார்ட்டில் அந்த மூலை காலியாக இருக்கிறது. இரண்டு விரலால் திரையை விரித்தால் அளவுத்திட்டம் மாறுகிறது, கோணமும் கூடவே மாறுகிறது. விலை மட்டும் மாறவில்லை. திரையில் கோணமானி வைத்து அளப்பது உங்கள் ஃபோனை அளப்பதுதான், பங்கை அல்ல.

அண்ணா, அப்படியானால் கையால் எப்படிக் கணக்குப் போடுவது? (கல்லூரி மாணவர், மதுரை)

அதே பத்தாம் வகுப்பு ஆயத்தொலை வடிவியல்தான் தம்பி. கோடு தொடும் இரண்டு புள்ளிகளை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் லோ 400 ரூபாய், 40 பார் (தினசரி சார்ட்டில் ஒரு வர்த்தக நாளுக்கு ஒரு பார்) கழித்து அடுத்த லோ 440 ரூபாய். 40 ரூபாயை 40-ஆல் வகுத்தால் சாய்வு, ஒரு பாருக்கு ஒரு ரூபாய். சாய்வு என்பது டேன் தீட்டா. அதைத் தலைகீழாக்கினால், அதாவது ஆர்க்டேன் எடுத்தால், 45 டிகிரி.

கணக்கு சரி. ஆனால் ‘ஒரு ரூபாயும் ஒரு நாளும் ஒரே நீளம்’ என்று நாமாக ஓர் அளவுத்திட்டத்தைச் சத்தமில்லாமல் உள்ளே விட்டுவிட்டோம். வம்பெல்லாம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

எக்செலில் போட்டேன். எந்தப் பங்கைப் போட்டாலும் 1.57-ஐத் தாண்டவே மாட்டேன் என்கிறது.

ஆர்க்டேன் எடுக்கும் ஏடான் (ATAN) ஃபங்ஷன் விடையை ரேடியனில் தரும். 90 டிகிரிதான் அந்த 1.57. டிகிரீஸ் ஃபங்ஷனுக்குள் போடுங்கள், அல்லது 57.3-ஆல் பெருக்குங்கள். இன்னொன்று: ஸ்லோப் ஃபங்ஷன் எல்லா விலைகளுக்கும் நடுவே ஓடும் ரிக்ரெஷன் கோட்டின் சாய்வைத் தருகிறது. லோக்களை இணைத்து நீங்கள் வரைந்த கோடு அது இல்லை. அதில் விலையை முதலிலும் பார் எண்ணை அடுத்தும் கொடுக்க வேண்டும். மாற்றிக் கொடுத்தால் பிழை எதுவும் காட்டாது, தவறான எண்ணைச் சமர்த்தாகத் தரும்.

45 டிகிரிக்கு மேல் ஏறும் பங்குகளை வடிகட்ட ஷீட் ஒன்று செய்தேன். விலை அதிகமான பங்குகளாகவே வருகின்றன. ஏன்? (சேலம்)

இந்தக் குழியில் நானே விழுந்திருக்கிறேன். ‘வலுவான பங்குகள்’ என்று பெருமையாக இரண்டு வாரம் ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு திரிந்தேன். ஒரு நாள் அதை விலைவாரியாக அடுக்கிப் பார்த்தபோதுதான் உறைத்தது. 200 ரூபாய்க்குக் கீழே ஒரு பங்குகூட இல்லை.

எம்ஆர்எஃப் பங்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 ஜூனில் ஒரு லட்சம் ரூபாயைத் தொட்ட பங்கு. அந்த விலையில் ஒரு நாளைக்கு அரை சதவீதம் ஏறினால் 500 ரூபாய். ஆர்க்டேன் 500 என்பது 89.9 டிகிரி. நூறு ரூபாய்ப் பங்கு அதே அரை சதவீதம் ஏறினால் 50 காசு, அதன் கோணம் 26.6 டிகிரி. வேகம் ஒன்றுதான், கோணம் மட்டும் ஏணிக்கும் சாய்தளத்துக்கும் உள்ள வித்தியாசம். இதோடு தீரவில்லை. நாளுக்கு 100 ரூபாய் என்றால் 89.4 டிகிரி, 500 ரூபாய் என்றால் 89.9. ஐந்து மடங்கு வேகம் வெறும் அரை டிகிரிக்குள் நசுங்கிப்போகிறது. 90-ஐ நெருங்க நெருங்க ஆர்க்டேன் எதையும் பிரித்துக் காட்டாது.

சரி, அப்போது எதை வைத்து ஒப்பிடுவது?

ரூபாயை விடுங்கள், சதவீதத்துக்கு வாருங்கள். விலைக்குப் பதில் அதன் இயல் மடக்கையை எடுங்கள். எக்செலில் அது எல்என் (LN) ஃபங்ஷன். 400-லிருந்து 440-க்குப் போன பங்குக்கு அந்த வித்தியாசம் 0.0953. அதை 40-ஆல் வகுத்தால் ஒரு பாருக்கு சுமார் 0.24 சதவீதம். 4,000-லிருந்து 4,400-க்குப் போன பங்குக்கும் அதே 0.24. எனக்கு இந்த எண்ணே போதும், கோணமாக மாற்றுவதில்லை.

கோணம்தான் வேண்டும் என்று அடம் பிடித்தால் ரூபாய்ச் சாய்வை ஏடிஆரால் (ஆவரேஜ் ட்ரூ ரேஞ்ச்) வகுங்கள். அது பங்கின் வழக்கமான தினசரி ஆட்டம். சாய்வு 1 ரூபாய், ஏடிஆர் 8 ரூபாய் என்றால் 0.125. இந்த எண்கள் மிகச் சிறியவை என்பதால் ‘ஐந்து நாளில் ஒரு ஏடிஆர் ஏறினால் 45 டிகிரி’ என்று வைத்துக்கொண்டு ஐந்தால் பெருக்குகிறேன். 0.625, அதாவது 32 டிகிரி. அந்த ஐந்து என் விருப்பம். நீங்கள் பத்து வைக்கலாம், ஆனால் எல்லாப் பங்குக்கும் அதையே வையுங்கள்.

லாக் ஸ்கேல் (சம சதவீத ஏற்றத்துக்குச் சம உயரம் தரும் விலை அச்சு) எதற்கு? சாதாரண சார்ட்டே தெளிவாகத்தானே இருக்கிறது?

மூன்று மாத சார்ட்டுக்கு வேண்டியதில்லை. ஆனால் சென்செக்ஸின் முழு வரலாற்றையும் திறந்து பாருங்கள். 1990 ஜூலையில் 1,000-ஐத் தாண்டிய குறியீடு 1992 ஏப்ரலில் 4,467. இரண்டே வருடத்துக்குள் நாலு மடங்குக்கு மேல்! 80,000-ஐக் காட்டும் சாதாரண சார்ட்டில் அது தரையோரம் ஒரு சின்ன மேடு, அவ்வளவுதான். லாக் ஸ்கேலுக்கு மாற்றினால் சுவர் போல எழுந்து நிற்கும். அந்த ஸ்கேலில் நேர்கோடு என்றால் மாறாத சதவீத வளர்ச்சி.

ஐயா, அமெரிக்க வர்த்தகர் கான் (Gann) 45 டிகிரிக் கோட்டைத்தானே முக்கியம் என்றார்? அது பொய்யா?

பொய் இல்லை, இடம் மாறிவிட்டது. டபிள்யூ. டி. கான் (1878–1955) கட்டம் போட்ட தாளில் கையால் சார்ட் வரைந்தவர். ஒரு கட்டம் இத்தனை நாள், ஒரு கட்டம் இத்தனை புள்ளி என்று முதலிலேயே நிர்ணயித்துவிட்டால் ‘1×1’ கோடு கட்டங்களின் மூலைவிட்டமாகத்தான் போகும். அது 45 டிகிரி. இன்றைக்கு 20,000-க்கு மேல் இருக்கும் நிஃப்டிக்கு நாளுக்கு ஒரு புள்ளி என்று கோடு போட்டால் தரையில் ஊர்ந்துகொண்டிருக்கும். அதனால் ஆளுக்கொரு அளவு, 10 புள்ளி, 25 புள்ளி என்று வைத்துக்கொள்கிறார்கள். அப்போது 45 என்பது சந்தை சொன்னதா, நீங்கள் வைத்த அளவு சொன்னதா?

ஒரு வேடிக்கை: கான் கோணப் பட்டியல்களில் இரு மடங்கு, அரை மடங்கு சாய்வுள்ள கோடுகளுக்கு 63.75, 26.25 டிகிரி என்று இருக்கும். 2-க்கும் அரைக்கும் ஆர்க்டேன் எடுத்தால் வருவது 63.43, 26.57. கோடு விகிதத்தில்தான் வரையப்படுகிறது, டிகிரி ஒட்டவைத்த பெயர். ட்ரேடிங்வியூவில் முயல்வதென்றால் விலை அச்சின் அமைப்பில் விலைக்கும் பாருக்குமான விகிதத்தைப் பூட்டிவிட்டு வரையுங்கள்.

லீவு நாட்களைச் சேர்க்க வேண்டுமா? தீபாவளி முகூர்த்த வர்த்தகம்?

தேதியை அப்படியே கழித்தால் சனி, ஞாயிறும் உள்ளே வந்துவிடும். 40 வர்த்தக நாள் என்பது எட்டு வாரம், 56 நாள். மேலே பார்த்த 45 டிகிரி அதில் 35.5 ஆகிவிடும். பார்களை எண்ணுங்கள். முகூர்த்த வர்த்தகம் ஒரு மணி நேரம்தான், ஆனாலும் தினசரி சார்ட்டில் ஒரு பார். நான் விட்டுவிடுவதில்லை.

ஸ்பிளிட் ஆனால்?

ஒரு பங்கு ஐந்து பங்குகளாகப் பிரிந்தால் பழைய விலைகளும் திருத்தப்பட்டு 45 டிகிரி 11.3 ஆகும். சதவீதம் அப்படியே இருக்கும்.

எத்தனை டிகிரி வரை நம்பி வைத்திருக்கலாம்? (ஈரோடு)

டிகிரியில் சொல்ல மாட்டேன், வேகத்தில் சொல்கிறேன். ஒரு வருடத்துக்கு 250 பார் என்று வைத்துக்கொள்வோம். பாருக்கு 0.24 சதவீதம் என்றால் வருடத்தில் சுமார் 80 சதவீதம். அதுவே பெரிய விஷயம். பாருக்கு ஒரு சதவீதம் ஏறும் கோடு அப்படியே தொடர்ந்தால் வருடத்தில் 12 மடங்கு. அந்த நிறுவனம் ஒரே வருடத்தில் 12 மடங்கு மதிப்புப் பெறுமா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். அப்படிப்பட்ட கோட்டை ஸ்டாப்லாஸ் (நஷ்டம் பெருகாமல் விற்று வெளியேறும் விலை) வைக்க மட்டும் பயன்படுத்துவேன். அது உடைந்ததும் ‘டிரெண்டே முடிந்தது’ என்று பதறுவதில்லை. பல நேரம் சற்றுத் தாழ்வான இன்னொரு கோட்டில் போய் உட்காரும், அதை மறுபடி வரைந்து மறுபடி வகுக்க வேண்டியதுதான்.

இப்போது நல்ல சாய்வில் இருக்கும் பங்கு ஒன்று சொல்லுங்களேன்.

டிப்ஸ் தருவதில்லை சார். ஷீட்டில் எல்என் பத்தியைச் சேர்த்துவிட்டு உங்கள் பட்டியலை மறுபடி அடுக்கிப் பாருங்கள். மேலே இருந்தவற்றில் எத்தனை கீழே போயின என்பதை எழுதுங்கள், அடுத்த முறை அதிலிருந்தே ஆரம்பிப்போம்.