போர் விமானம் வாங்கினா விண்வெளி சீட்டு கொசுறா?

கேள்வி: காலேஜ்ல டிபேட் இருக்கு. மலேசியா ரஷ்யாகிட்ட சுகோய் வாங்கினதால ஒரு மலேசியரை ஃப்ரீயா விண்வெளிக்கு கூட்டிட்டு போனாங்கன்னு பேசலாம்னு இருக்கேன். சரியா? இந்த மாதிரி செய்தியெல்லாம் வந்தா எது டீல், எது தற்செயல்னு எப்படி பாக்குறது?

பதில்: கூட்டிட்டு போனது உண்மை, ஃப்ரீங்கறது தான் இடிக்குது. 2003ல மலேசியா 18 சுகோய்-30எம்கேஎம் வாங்க கையெழுத்து போட்டுச்சு, சுமார் 90 கோடி டாலர். அதுக்கு ஆஃப்செட்டா, ஒரு மலேசியருக்கு ட்ரெய்னிங் குடுத்து ஸ்பேஸ் ஸ்டேஷனுக்கு அனுப்புறோம்னு ரஷ்யா ஒத்துக்கிச்சு. ஆஃப்செட்னா வேற ஒண்ணுமில்ல, இவ்ளோ காசு வெளிய போகுதே, பதிலுக்கு எங்க நாட்டுக்கு என்ன செய்வேன்னு வாங்குறவன் கேக்குறது. சில நாடு உதிரிபாகத்தை எங்ககிட்ட வாங்குன்னு கேக்கும், சில நாடு டெக்னாலஜி கேக்கும், மலேசியாவுக்கு சீட்டும் கிடைச்சுது. அந்த செலவு விமான விலையிலயே எங்கயோ உக்காந்திருக்கும்னு தான் நான் எடுத்துக்குவேன், கொசுறு குடுக்குறவனுக்கு கணக்கு தெரியாதா என்ன.

ரஷ்யாவுக்கும் அப்போ இது வசதி. ஆளை ஏத்திட்டு போற ரஷ்ய விண்கலம் சோயுஸ்ல மூணே சீட்டு, அந்த காலத்துல ஸ்டேஷன்ல தங்குறதே மூணு பேர், அதுல ஒருத்தர் அமெரிக்க ஷட்டில்ல வந்து போவாரு, அதனால சோயுஸ்ல மூணாவது சீட்டு காலி. அதை பணக்கார டூரிஸ்டுக்கும் வித்தாங்க, பிரேசில், தென்கொரியா மாதிரி நாடுகளுக்கும் குடுத்தாங்க. 2009ல ஸ்டேஷன் ஆறு பேருக்குன்னு ஆனதும் அந்த காலி சீட்டு கதை கிட்டத்தட்ட முடிஞ்சுது.

மலேசியா அனுப்பினது ஷேக் முஸாஃபர் ஷுகோர், எலும்பு சர்ஜன். 2007 அக்டோபர் 10 கஜகஸ்தான்ல இருக்குற பைகானூர் ஏவுதளத்துல கிளம்பினாரு, அப்போ ரமலான் மாசம், எடை இல்லாம மிதக்கும்போது எந்த பக்கம் பாத்து தொழுறதுன்னு அவருக்காகவே மலேசியாவுல வழிகாட்டி எழுதினாங்க (முடிஞ்சா காபா, இல்லன்னா பூமி, அதுவும் முடியலன்னா எந்த திசையும் சரி). திரும்பி வந்த கேப்சூல் வழக்கமான பாதைய விட்டு, அதைவிட செங்குத்தான பாதையில விழுந்து, குறிச்ச இடத்துக்கு நூத்துக்கணக்கான கிலோமீட்டர் முன்னாடியே இறங்குச்சு. அவரோட ரெடியா இருந்த பேக்கப் ஆள் கடைசி வரைக்கும் போகல, ரெண்டாவது மலேசியரும் இன்னும் போகல. டிபேட்ல நான் இங்க தான் நின்னு பேசுவேன், ஒரு சீட்டு வாங்கினா ஒரு தடவை தான் போகலாம், ராக்கெட் கட்டுற கை அதுல வராது.

அந்த கைய வாங்க போனா என்ன ஆகும்னு இந்தியாவ பாருங்க. 1991ல கிரையோஜெனிக் இன்ஜினும் (ரொம்ப குளிர வெச்சு திரவமாக்குன எரிபொருள்ல ஓடுற ராக்கெட் இன்ஜின்) டெக்னாலஜியும் ரஷ்யா தரும்னு ஒப்பந்தம், இது ஏவுகணை டெக்னாலஜின்னு சொல்லி 1992ல அமெரிக்கா தடை போட்டுச்சு, 1993ல ரஷ்யா பின்வாங்கி இன்ஜின் மட்டும் 7 குடுத்துச்சு. சொந்த கிரையோஜெனிக்ல இந்தியாவோட ஜிஎஸ்எல்வி ராக்கெட் ஜெயிச்சது 2014 ஜனவரியில.

இப்போ எது டீல்னு பாக்குற விஷயம். ஒரே வாரத்துல நடந்தா உடனே முடிச்சு போட்டுடாதீங்க. 2024 ஜனவரியில ஒரு துருக்கிக்காரரும் ஒரு ஸ்வீடன்காரரும் ஆக்சியம்ங்கற அமெரிக்க தனியார் கம்பெனி ஏற்பாடு பண்ணின ஒரே பயணத்துல ஸ்டேஷனுக்கு போய் மிதந்துட்டு இருந்தாங்க, கீழ அதே வாரம் ஸ்வீடன் நேட்டோ ராணுவக் கூட்டணியில சேர துருக்கி பார்லிமென்ட் ஓகே சொல்லுது, மூணு நாள்ல துருக்கிக்கு எஃப்-16 போர் விமானம் விக்க அமெரிக்கா பச்சைக்கொடி காட்டுது. நேட்டோவும் எஃப்-16ம் நிஜமாவே பேரம், ஆனா சீட்டு தனியா காசு குடுத்து வாங்கினது. 2023 ஜூன்ல மோடி வாஷிங்டன் போனப்பவும் அப்படித்தான், ஒரே கூட்டறிக்கையில ஜிஇ ஜெட் இன்ஜின், ஏர் இந்தியாவோட போயிங் ஆர்டர், ஆர்ட்டெமிஸ்ங்கற விண்வெளி ஆய்வு ஒப்பந்தம், ஸ்டேஷனுக்கு இந்தியர்னு எல்லாம் வந்துச்சு, நட்பு பொதுவானது, பில்லு தனித்தனி. 2025ல சுபான்ஷு சுக்லா போன சீட்டுக்கு இந்தியா காசு கட்டுச்சு.

ஆக, அறிக்கையில ஆஃப்செட்னோ, ஒப்பந்தத்தோட பகுதின்னோ எழுதியிருக்கான்னு தேடுங்க. மலேசியா கேஸ்ல அது இருக்கு, தைரியமா சொல்லலாம். 'ஃப்ரீ'ங்கற வார்த்தைய மட்டும் எடுத்துடுங்க, எதிர் டீம் முதல்ல அதைத்தான் பிடிப்பாங்க.