குடியிருப்பில் விலங்குகள் வளர்ப்பதற்கு எப்படிப்பட்ட விதிகள் வேண்டும்?

"எங்கள் குடியிருப்பில் இனி யாரும் எந்த விலங்கையும் வளர்க்கக் கூடாது என்று சங்கத்தில் தீர்மானம் கொண்டுவரப் போகிறார்கள், இது சரியா, வேறு எப்படி விதி எழுதலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். குடியிருப்போர் சங்கச் செயற்குழுவில் இருந்தபோது இதே போன்ற தீர்மானத்தில் கையெழுத்திட்டு, பிறகு அதைத் திரும்பப் பெறப் பாடுபட்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: முழுத் தடை வேண்டாம். அக்கம்பக்கத்தாருக்கு என்ன தொல்லை நேர்கிறதோ அதை மட்டும் பெயர் சொல்லித் தடுக்கும் விதியை எழுதுங்கள்.

நான் கையெழுத்திட்டதற்குக் காரணம், நான்காம் மாடியில் தனியாக வாழ்ந்த ஒரு பெரியவரின் நாய். ஓயாமல் குரைக்கிறது என்று புகார்கள் வந்துகொண்டே இருந்தன. ஒரு நாள் மாலை அவருடைய சம்மதத்துடன் வீட்டு வாசலில் நின்று கேட்டேன். அவர் இறங்கிப் போன லிஃப்டின் கதவு மூடிய ஓசை கேட்டதும் உள்ளே முனகல் தொடங்கியது. அது குரைப்பாக மாறி, அவர் திரும்பி வரும்வரை அடங்கவில்லை. அவர் கதவைத் திறந்தபோது பார்த்தேன்: உட்புறம் கீழ் மூலையில் வண்ணப்பூச்சு முழுவதும் நகங்களால் சுரண்டப்பட்டு மரம் தெரிந்தது. தனித்து விடப்படும் அச்சத்தில் குரைத்த அந்த நாயை, அவர் வெளியே போகும் நேரங்களில் பக்கத்து வீட்டார் பார்த்துக்கொள்ள முன்வந்ததும் புகார்கள் நின்றுபோயின. ஆகவே, புகாரில் நாளும் நேரமும் குறிக்கப்பட வேண்டும், வளர்ப்பவருக்குச் சரிசெய்ய அவகாசம் தரப்பட வேண்டும் என்பதை உங்கள் முதல் விதியாக வையுங்கள்.

கழிவு குறித்த விதியைக் காரணத்தோடு எழுதினால் யாரும் மறுக்க மாட்டார்கள். நாயின் மலத்தில் வெளிவரும் உருண்டைப்புழு முட்டைகள் தொற்றும் நிலையை அடையச் சில வாரங்கள் ஆகும். அடைந்துவிட்டாலோ மண்ணில் ஆண்டுக்கணக்கில் பிழைத்திருந்து, விளையாடும் குழந்தைகளின் கை வழியாக வயிற்றுக்குள் போகும். அதனால் நடைக்கு அழைத்துச் செல்பவர் அந்த இடத்திலேயே அள்ளிவிட வேண்டும். பூனைக் கழிவில் இருக்கக்கூடிய டாக்சோபிளாஸ்மா கிருமி ஒன்று முதல் ஐந்து நாள்களில் தொற்றும் தன்மை பெறுகிறது என்பதால், மணல் தட்டை நாள்தோறும் சுத்தம் செய்வது அவசியம். அந்த வேலையைக் கர்ப்பிணிகள் செய்யாதிருப்பது நல்லது.

கோழி வளர்ப்பவர் இருந்தால் சேவலைத் தனியாகக் கருதுங்கள். அது விடியலில் கூவுவது உடலுக்குள் இயங்கும் கடிகாரத்தால் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2013-இல் காட்டினார்கள்; இருட்டறையில் அடைத்தாலும் அந்த நேரத்துக்குக் கூவும். பெட்டைக் கோழி முட்டையிடச் சேவல் தேவையில்லை என்பதால், சேவலை மட்டும் விலக்குவது இரு தரப்புக்கும் பொருந்தும். வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சான்று, பொது இடத்தில் கழுத்துப்பட்டையும் கயிறும் ஆகியவை பற்றி விவாதமே தேவையில்லை.

முழுத் தடை சட்டத்தின் முன் நிற்காமல் போகவும் கூடும். வசிக்கும் வீட்டில் செல்லப்பிராணி கூடாது என்னும் ஒப்பந்த விதியைப் பிரான்சின் 1970-ஆம் ஆண்டுச் சட்டம் செல்லாததாக்கியது. ஆனால் அந்தப் பிராணியால் சேதமோ இடைஞ்சலோ வரக் கூடாது என்ற நிபந்தனையும் அதில் உண்டு. சிட்னியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு விதித்திருந்த முழுத் தடையை நியூ சவுத் வேல்ஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020-இல் செல்லாது என்றது. சிங்கப்பூரின் அரசுக் குடியிருப்புகளில் நெடுங்காலம் இருந்த பூனைத் தடை 2024 செப்டம்பரில் விலக்கப்பட்டு, வீட்டுக்கு இரண்டு பூனைகள் வரை அனுமதிக்கப்பட்டன. உங்கள் பகுதிச் சட்டத்தை அறிந்த வழக்கறிஞரிடம் தீர்மானத்தை வாக்கெடுப்புக்கு முன்பே காட்டிவிடுங்கள்.

இன்னொன்றையும் மன்றாடிக் கேட்கிறேன். எந்த விதி நிறைவேறினாலும், ஏற்கெனவே அங்கே வாழும் விலங்குகள் தம் ஆயுள்வரை அங்கேயே இருக்கலாம் என்ற வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள். பத்து வயதான நாய்க்குப் புது வீடு கிடைப்பது மிக அரிது.