கடலுக்கும் அலுவலகத்துக்கும் ஒரே குரோனோகிராஃப்: எதை வாங்குவது?

கேள்வி: டர்பன், சாட்ஸ்வர்த்தில் இருக்கிறேன். வயது 46. ஒரே ஒரு நல்ல எஃகு குரோனோகிராஃப் (பித்தானை அழுத்தி ஓட்டி நிறுத்தி, கழிந்த நேரத்தை எண்ணும் கைக்கடிகாரம்) வாங்கி, பிற்காலத்தில் மகனுக்குக் கொடுக்க ஆசை. ஒமேகா ஸ்பீட்மாஸ்டர், டியூடர் பிளாக் பே குரோனோ, செனித் குரோனோமாஸ்டர் ஸ்போர்ட் மூன்றையும் கடையில் பார்த்தேன். ரோலெக்ஸ் டேடோனாவுக்குப் பெயர் எழுதிக்கொண்டார்கள், எப்போது வரும் என்று சொல்லவில்லை. சனி, ஞாயிறு கடலில் நீந்துவேன். மாதம் ஒருமுறை ஜொகானஸ்பர்க் வரை கார் ஓட்டுவேன். மணிக்கட்டின் சுற்றளவு 16.5 செ.மீ. எதை வாங்கலாம்?

பதில்: மூன்றுமே நல்ல கடிகாரங்கள். கடலில் இறங்கும்போது கழற்றுவீர்களா, மாட்டீர்களா? அதை முதலில் முடிவு செய்யுங்கள். மற்ற கேள்விகளில் பாதி அதிலேயே தீர்ந்துவிடும்.

சாதாரணக் கடிகாரத்தின் பக்கவாட்டில் சாவிக்கு மட்டும் ஒரு துளை இருக்கும். குரோனோகிராஃபில் மூன்று துளைகள்: நடுவில் சாவி, மேலே ஓட்டவும் நிறுத்தவும் ஒரு பித்தான், கீழே பூஜ்யத்துக்குக் கொண்டுவர ஒரு பித்தான். ஒவ்வொரு பித்தானின் தண்டும் ஒரு சின்ன ரப்பர் வளையத்துக்குள் வழுக்கிப் போய் வருகிறது. அழுத்தும்போதெல்லாம் அந்த வளையம் உரசித் தேய்கிறது. அதனால்தான் ஒரே தரத்தில் செய்த இரண்டு கடிகாரங்களில் குரோனோகிராஃப் தண்ணீருக்குச் சற்றுப் பலவீனமானதாக இருக்கிறது.

ஸ்பீட்மாஸ்டர் புரொஃபஷனலின் நீர்த்தாங்கும் அளவு 50 மீட்டர். அது ஆய்வகத்தில் அசையாத நீரின் அழுத்தத்தைக் குறிக்கும் எண். 50 மீட்டர் ஆழத்துக்குப் போகலாம் என்று அர்த்தமில்லை. கை கழுவலாம், மழையில் நனையலாம். அலை அடிக்கும் கடலில் அதைக் கட்டிக்கொண்டு நீந்துவதை நான் ஏற்கமாட்டேன். குரோனோமாஸ்டர் ஸ்போர்ட் 100 மீட்டர். ஆனால் அதன் பித்தான்கள் திருகிப் பூட்டும் வகை அல்ல. தண்ணீருக்குள் தவறுதலாக ஒன்று அழுந்தினால் உப்புநீர் உள்ளே போக வழி கிடைக்கும். பிளாக் பே குரோனோ 200 மீட்டர். சாவியும் இரண்டு பித்தான்களும் திருகிப் பூட்டுபவை. டேடோனாவும் அப்படித்தான் பூட்டும், அதன் அளவு 100 மீட்டர்.

திருகுப் பித்தானுக்கும் ஒரு தொல்லை உண்டு. ஓடும் நேரத்தை எண்ணி முடித்த பிறகு திருப்பி மூட மறந்துவிடுகிறோம். கடலில் இறங்குமுன் மூன்றையும் விரலால் தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். திருகு இழையில் மணல் இருந்தால் கரகரக்கும். அதை வலிந்து திருகாமல் நல்ல தண்ணீரில் கழுவிவிட்டுத் திருகுங்கள். எந்த வகைப் பித்தானாக இருந்தாலும் தண்ணீருக்கடியில் அழுத்தக் கூடாது.

டர்பன் கடல் ஆண்டு முழுதும் நீந்தும் அளவுக்கு வெதுவெதுப்பாக இருப்பது நமக்குச் சுகம், கடிகாரத்துக்கு வேலை. கடலிலிருந்து வந்ததும் எல்லாம் பூட்டியிருக்கிறதா என்று பார்த்து, குழாய்த் தண்ணீரில் ஒரு நிமிடம் காட்டுங்கள். கொக்கியின் உட்புறத்தையும் பிரேஸ்லெட் கண்ணிகளின் இடுக்கையும் மெல்லிய பல்துலக்கியால் தேய்த்துத் துணியால் துடையுங்கள். உப்பு காய்ந்து கண்ணி ஊசிகளில் படிந்தால், அரிப்பு அங்கேதான் தொடங்கும். வெந்நீர்க் குளியலும் நீராவியும் ரப்பர் வளையங்களை நாளடைவில் கெடுக்கும், அங்கே கழற்றிவிடுங்கள். தைப்பூசக் காவடிக்கும் கட்டிப் போகாதீர்கள். பாலும் சந்தனமும் பித்தானுக்கடியில் போய் உலர்ந்தால் பித்தான் உள்ளே போய் வெளியே வராது. கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும்.

கடலுக்குக் கட்டிப்போகும் கடிகாரத்துக்கு ஆண்டுக்கு ஒருமுறை, கோடைக்கு முன் அழுத்தச் சோதனை செய்துகொள்ளுங்கள். கண்ணாடிக்குள் பனி பிடித்தால் வெயிலில் வைக்காதீர்கள், அரிசிப் பானையில் புதைக்காதீர்கள். நேராகக் கடிகாரப் பழுதுகாரரிடம் போங்கள். உப்புநீர் நுழைந்ததென்று தெரிந்தால் மறுநாளுக்குத் தள்ள வேண்டாம். உள்ளே இருக்கும் எஃகுப் பாகங்கள் வெளிக்கூட்டின் எஃகைப்போல் துருவைத் தாங்குபவை அல்ல.

இனி, ஓடும் நேரத்தை இந்தக் கடிகாரங்கள் எவ்வளவு தூரம் எண்ணுகின்றன என்று பாருங்கள். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் கவனிக்காத இடம் இது. ஸ்பீட்மாஸ்டரில் 3 மணிப் பக்கம் 30 நிமிட வட்டமும், 6 மணிப் பக்கம் 12 மணிநேர வட்டமும் உண்டு. பிளாக் பே குரோனோ 45 நிமிடம் வரைதான் எண்ணும், மணிநேர வட்டம் இல்லை. குரோனோமாஸ்டர் ஸ்போர்ட் 60 நிமிடம் வரை. நீங்களோ மாதம் ஒருமுறை ஜொகானஸ்பர்க் போகிறவர். சுமார் 570 கி.மீ., ஆறு மணிநேரப் பயணம். அதை முழுதாக எண்ணிக் காட்ட இந்த மூன்றில் ஸ்பீட்மாஸ்டரால் மட்டுமே முடியும். அதன் விளிம்பில் இருக்கும் டாக்கிமீட்டர் அளவுகோலும், அதாவது வேகத்தைக் காட்டும் எண்வரிசையும், ஜொகானஸ்பர்க் போகும் N3 சாலையில் பயன்படும்: ஒரு கி.மீ. தூரம் கடக்க 30 நொடி ஆனால் முள் 120-ஐக் காட்டும், அதுதான் நம் நெடுஞ்சாலையின் வேக உச்சவரம்பும். முள்ளைப் பார்க்கும் வேலையைப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் கொடுங்கள், ஓட்டுபவர் பார்க்க வேண்டாம்.

செனித்தின் பெருமை வேறு மாதிரி. அதன் இயந்திரம் மணிக்கு 36,000 முறை துடிக்கிறது. நடு முள் 10 நொடியில் ஒரு சுற்று வந்து, பத்தில் ஒரு பங்கு நொடியைக் காட்டுகிறது. பார்க்கப் பார்க்க அலுக்காத அழகு. ஆனால் உங்கள் வாழ்க்கையில் பத்தில் ஒரு பங்கு நொடி எங்கே தேவைப்படும் என்று யோசித்துப் பாருங்கள்.

அளவு. 16.5 செ.மீ. மணிக்கட்டுக்கு, கூட்டின் விட்டத்தைவிட இரண்டு எண்கள் முக்கியம்: மேல் காதிலிருந்து (பட்டை மாட்டும் நீட்சி) கீழ்க் காது வரை நீளம், பிறகு தடிமன். முதலில் மணிக்கட்டின் மேல் தட்டையான பகுதியை ஸ்கேலால் அளந்து வையுங்கள். காது நீளம் அதைத் தாண்டக் கூடாது. ஸ்பீட்மாஸ்டரின் விட்டம் 42 மி.மீ. என்றாலும் காதுகள் வளைந்து இறங்குவதால் நீளம் 47, 48-க்குள் அடங்கிவிடுகிறது. செனித் விட்டம் 41, நீளம் சுமார் 47. டியூடரும் விட்டம் 41-தான், ஆனால் நீளம் ஏறத்தாழ 50. தடிமனில் டியூடர் 14 மி.மீ.-ஐத் தாண்டுகிறது. முழுக்கைச் சட்டையின் பித்தானைப் போட்டுக்கொண்டு கடையிலேயே முயன்று பாருங்கள், கை மடிப்பில் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு இதற்குத்தான் அதிகம். கொக்கியில் சின்ன அளவு கூட்டிக் குறைக்கும் வசதி இருக்கிறதா என்றும் கேளுங்கள். பிப்ரவரி புழுக்கத்தில் டர்பன் கை காலையில் ஒரு அளவு, மாலையில் ஒரு அளவு.

உள்ளே இருக்கும் இயந்திரத்தைப் பற்றிச் சுருக்கமாக. குரோனோகிராஃபை ஓட்டும் கிளட்ச் இரண்டு வகை. டியூடரில் செங்குத்துக் கிளட்ச்: தட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று அமர்ந்து பிடிக்கும், முள் துளியும் குதிக்காமல் கிளம்பும், நாள் முழுக்க ஓடவிட்டாலும் கடிகாரத்தின் சக்தி அவ்வளவாகக் குறையாது. ஆனால் தேய்ந்தால் பெரும்பாலும் அந்தப் பகுதியை முழுதாக மாற்ற வேண்டும். ஸ்பீட்மாஸ்டரிலும் செனித்திலும் பக்கவாட்டுக் கிளட்ச்: பல்சக்கரம் பக்கத்திலிருந்து வந்து இன்னொன்றோடு பிணையும். கிளம்பும்போது முள் லேசாகத் துள்ளலாம், அது பழுதில்லை. இந்த வகையை அழகுக்காக எந்நேரமும் ஓடவிட வேண்டாம், வேலை முடிந்ததும் நிறுத்துங்கள். ஓடும்போது கீழ்ப் பித்தானை அழுத்திப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர முயல்வதும் கூடாது. முதலில் நிறுத்து, பிறகு பூஜ்யம். எதிர்க்கும் பித்தானோடு மல்லுக்கட்டினால் உள்ளிருக்கும் நெம்புகோல்தான் பழுதாகும்.

மகனுக்குக் கொடுக்க வேண்டும் என்கிறீர்கள். அந்த எண்ணத்துக்கு நான் அதிக மதிப்புத் தருகிறேன், ஏனென்றால் அது 30 ஆண்டுக் கணக்கு. ஸ்பீட்மாஸ்டரில் இன்றுள்ள 3861 இயந்திரம், 1968-இல் வந்த 861-இன் வழிவந்தது. கையால் சாவி கொடுப்பது. தானாகச் சுற்றும் பாரம் இல்லாததால் தேயும் உறுப்புகளும் குறைவு. நீண்ட காலம் ஒரே அமைப்பில் வந்திருப்பதால் அதைப் பிரித்துச் சேர்க்கத் தெரிந்த கைகளும் அதிகம். 15,000 காஸ் வரை காந்தத்தையும் தாங்கும், ஆகவே கைப்பேசியோ ஒலிபெருக்கியோ பக்கத்தில் இருப்பதற்காக நேரம் தாறுமாறாக ஓடாது.

ஆகவே என் யோசனை: ஸ்பீட்மாஸ்டர் வாங்குங்கள்; கடலுக்கு 200 மீட்டர் தாங்கும் மலிவான குவார்ட்ஸ் கடிகாரம் ஒன்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள். 'கழற்றவே மாட்டேன், ஒன்றுதான் வேண்டும்' என்பது உறுதியானால் டியூடர், வேறு பேச்சில்லை. டேடோனாவுக்குக் காத்திருப்பதில் தவறில்லை, ஆனால் அது சீக்கிரம் கிடைக்கட்டும் என்று அதே கடையில் வேண்டாத நகையையும் வேறு கடிகாரத்தையும் வாங்கிக் குவிக்காதீர்கள். அந்தப் பணத்தில் மேலே சொன்னதை இன்றே வாங்கலாம்.

பழையதை வாங்குவதானால் கடையில் ஒரு மணிநேரம் எடுத்துக்கொள்ளுங்கள். முழுச் சாவி கொடுத்து, குரோனோகிராஃபை ஓட்டி நிறுத்திப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள், இதை ஐந்து முறை செய்யுங்கள். நடு முள் ஒவ்வொரு முறையும் 12-க்கு நேரே விழ வேண்டும். ஒருமுறை இப்படி, ஒருமுறை அப்படி விழுந்தால் முள் தண்டில் தளர்ந்திருக்கிறது. பிறகு 31 நிமிடம் ஓடவிட்டு நிமிட முள் சரியாக நகர்கிறதா, மணிநேர முள்ளும் கூடவே போகிறதா என்று பாருங்கள். கடையில் டைம்கிராஃபர் (கடிகாரத்தின் துடிப்பை அளக்கும் கருவி) இருந்தால், டயலை மேலே வைத்து, குரோனோகிராஃப் நிற்கும்போதும் ஓடும்போதும் ஊசலின் வீச்சை, அதாவது உள்ளிருக்கும் ஊசல் சக்கரம் எவ்வளவு தூரம் திரும்புகிறது என்பதை, எடுக்கச் சொல்லுங்கள். பக்கவாட்டுக் கிளட்சில் ஓடும்போது வீச்சு கொஞ்சம் குறைவது இயல்பு, தடாலென்று விழுந்தால் எண்ணெய் காய்ந்திருக்கிறது. ஒமேகாவின் கோ-ஆக்ஸியல் இயந்திரத்துக்கு (மேலே சொன்ன 3861 அந்த வகை) அந்தக் கருவியில் லிஃப்ட் ஆங்கிள் என்ற அமைப்பை 38 பாகையாக வைத்துத்தான் அளக்க வேண்டும். வழக்கமான 52-இலேயே விட்டுவிட்டால் வரும் எண் பொய்.

கூட்டின் விளிம்புகளையும் உற்றுப் பாருங்கள். அடிக்கடி பாலிஷ் போட்ட கூட்டில் மங்கலும் பளபளப்பும் சந்திக்கும் கோடு கூர்மை இழந்து உருண்டிருக்கும். ஒருமுறை போன எஃகு திரும்பி வராது. நாளை சர்வீசுக்குக் கொடுக்கும்போதும் 'பாலிஷ் வேண்டாம்' என்று எழுதிக் கொடுங்கள். சர்வீஸ் எங்கே நடக்கும், இங்கேயா, வெளிநாட்டுக்குப் போகுமா, எத்தனை வாரம், எவ்வளவு ராண்ட் என்பதை வாங்குமுன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். குரோனோகிராஃபுக்கு உறுப்புகள் அதிகம், ஆகவே சாதாரணக் கடிகாரத்தைவிடக் கூலியும் அதிகம்.

சட்டம் உங்கள் பக்கம் எவ்வளவு நிற்கும் என்பது நீங்கள் வாங்கும் இடத்தைப் பொறுத்தது. கடையில் வாங்கினால், 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்துப் பழுதுபார்ப்போ, மாற்றுப் பொருளோ, பணமோ கேட்கலாம், தேர்வு உங்களுடையது. தனி ஆளிடம் வாங்கினால் அந்தப் பாதுகாப்பு இல்லை. 'ஃபுட்ஸ்டுட்ஸ்' என்று ஒரு சொல் எழுதிவிட்டால் உள்ளது உள்ளபடி என்றாகிவிடும். பழைய பொருள் விற்கும் கடைக்காரர் போலீசில் பதிவு செய்து, விற்றவரின் விவரத்தையும் ஏட்டில் எழுதி வைத்திருக்க வேண்டும். கேட்டால் காட்டத் தயங்குபவரிடம் வாங்க வேண்டாம். உத்தரவாத அட்டையிலுள்ள வரிசை எண்ணும் கூட்டில் பொறித்த எண்ணும் ஒன்றா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் 15 சதவீத வாட் வரியைக் கணக்கில் சேர்த்தபின் விலையை ஒப்பிடுங்கள், மலிவாகத் தெரிந்தது பல நேரம் மலிவாக இருக்காது.

வீட்டுப் பொருள் காப்பீட்டில் கடிகாரம் தானாகச் சேர்ந்திருக்கும் என்று எண்ணாதீர்கள். வீட்டுக்கு வெளியே கையில் கட்டியிருக்கும்போதும் பாதுகாப்பு வேண்டுமானால் வரிசை எண்ணோடு தனிப் பொருளாகப் பெயர் குறித்துச் சேர்க்கச் சொல்லுங்கள், பெட்டகத்தில் வைக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறதா என்றும் கேளுங்கள். மதிப்புச் சான்றை இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பியுங்கள். ஊருக்கு, சென்னைக்கோ வேறெங்கோ, இதைக் கட்டிக்கொண்டு போவதாக இருந்தால் புறப்படும் விமான நிலையத்திலேயே சுங்கத்தில் காட்டிப் பதிவு செய்து தாளை வாங்கிப் பையில் வையுங்கள். திரும்பி வரும்போது 'இது எங்கே வாங்கியது?' என்று கேட்டால் அந்தத் தாளைக் காட்டலாம்.