வளர்ப்புப் பாம்புக்கு எலி: எந்த அளவில் கொடுப்பது, எப்படிப் பத்திரப்படுத்துவது?

எந்த அளவு எலி கொடுப்பது, வாங்கியதை எப்படி வைத்திருப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

அளவுக்கு எளிய கணக்கு ஒன்று உண்டு: பாம்பின் உடல் மிகத் தடித்திருக்கும் இடம் எவ்வளவோ, எலியும் ஏறக்குறைய அவ்வளவு தடிமன் இருந்தால் போதும். ரொம்பப் பெரிதானால் விழுங்கியதைக் கக்கிவிடும்.

உயிருள்ள எலியைத் தயவுசெய்து போடாதீர்கள். பசியில்லாத பாம்பை எலி கடித்துக் குதறிவிடும். ஆழமான காயங்கள் வரும். வீட்டில் பிடித்த எலியும் வேண்டாம், எலிமருந்து தின்றிருக்கலாம், ஒட்டுண்ணியும் இருக்கும். உணவுக்கென்றே வளர்த்து உறையவைத்த எலிதான் நல்லது.

அதைக் காற்றுப் புகாத பையில், மைனஸ் 18 டிகிரி செல்சியஸில், நம் சாப்பாட்டிலிருந்து தனியாக வையுங்கள். முடிந்தால் தனி ஃப்ரீசரே வைத்துக்கொள்ளலாம். உறைந்தாலும் சால்மொனெல்லா என்ற நோய்க்கிருமி சாகாது. முதல் நாள் இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றி, அப்புறம் பையோடு வெதுவெதுப்பான நீரில் போட்டுச் சூடாக்குங்கள். உள்ளே குளிர்ச்சி இருக்கக் கூடாது. மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம், வெடித்துவிடும். இடுக்கியால் பிடித்துக் கொடுங்கள். பாம்பு தொடாததை மறுபடி உறையவைக்காமல் எறிந்துவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.