விருப்ப ஓய்வுக்குப் பிறகு வெளிநாட்டில் மறுபடி பேராசிரியர் வேலைக்குப் போகலாமா?

54 வயது, விருப்ப ஓய்வு வாங்கி இரண்டு வருடம், எத்தியோப்பியாவிலிருந்து அழைப்பு, வீட்டில் "இந்த வயதில் எதற்கு" என்ற பேச்சு. உங்கள் கேள்வியைப் படித்ததும் என் கதையையே யாரோ எழுதியதுபோல் இருந்தது. போங்கள் சார். தயங்காதீர்கள்.

நான் அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் இயற்பியல் நடத்தியவன். கடைசி சில வருடங்கள் பாடம் நடத்தியதைவிடக் கோப்பு தயாரித்ததுதான் அதிகம். வெறுத்துப்போய் 52 வயதில் எழுதிக் கொடுத்துவிட்டேன். அப்புறம் ஒன்றரை வருடம் வீட்டில். காலையில் குளித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு, போக இடமில்லாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்த நாட்களை என் மனைவி இன்றும் சொல்லி வருத்தப்படுவாள்.

2011-ல் எத்தியோப்பியாவின் அர்பா மிஞ்சுக்குப் பேராசிரியராகப் போனேன். அடிஸ் அபாபாவுக்குத் தெற்கே, அபயா, சாமோ என்ற இரண்டு ஏரிகளின் பக்கத்தில் இருக்கும் ஊர். 'நாற்பது ஊற்றுகள்' என்று பெயருக்கு அர்த்தம். சேர்ந்த அன்று அலுவலகத்தில் ஒரு பெண் படிவம் நிரப்பினார். என் பெயர் கேட்டார். அப்பா பெயர் கேட்டார். அப்புறம் தாத்தா பெயர் கேட்டார். அவர்களுக்கும் குடும்பப்பெயர் கிடையாது, நம்மைப்போலத் தகப்பன் பெயர்தான். என் தாத்தா பெயரை அதுவரை எந்த அலுவலகமும் கேட்டதில்லை. எழுத்துக்கூட்டிச் சொன்னபோது தொண்டை அடைத்தது.

நேரக்கணக்கு மட்டும் பழக வேண்டும். "காலை இரண்டு மணிக்கு வகுப்பு" என்றால் நம் எட்டு மணி. பொழுது விடிந்ததிலிருந்து எண்ணுகிறார்கள், நம் பஞ்சாங்கத்தில் உதயாதி நாழிகை எண்ணுவதுபோல. இது தெரியாமல் முதல் வகுப்பைத் தவறவிட்டேன். மறுநாள் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் சாக்பீஸை எடுத்தேன்.

காசுக்காகப் போனவன் என்று சிலர் சொல்வார்கள். காசும் தேவைப்பட்டது, மகள் கல்யாணக் கடன் இருந்தது, அதில் என்ன குற்றம்? பென்ஷனும் வாங்கிக்கொண்டு அந்த ஊர்ப் பிள்ளைகளின் வேலையைப் பறித்தாய் என்று ஒரு உறவினரே கேட்டார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அந்த நாட்டில் இருந்தவை இரண்டே பல்கலைக்கழகங்கள். நான் போனபோது எண்ணிக்கை மளமளவென்று ஏறிக்கொண்டிருந்தது. முனைவர் பட்டம் முடித்த ஆசிரியர்கள் போதவில்லை, அதனால்தான் கூப்பிட்டார்கள். நான் வழிநடத்திய நான்கு பேர் இன்று அங்கேயே விரிவுரையாளர்கள். விடைபெறும் நாளில் அதில் ஒருவன் இஞ்சராவை, அவர்களின் புளித்த மாவுத் தோசையை, பிய்த்துக் குழம்பில் தோய்த்து என் வாயில் ஊட்டினான். குர்ஷா என்பார்கள். பிரியத்தைக் காட்டச் செய்வது. முப்பது வருட வேலையில் எனக்குக் கிடைத்த பெரிய மரியாதை அதுதான்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனம் ஆறவில்லை. உயிர்வாழ் சான்றில் தூதரக அதிகாரியிடம் கையெழுத்து வாங்கி, பதிவுத் தபாலில் அனுப்பினேன். இங்கே ஒரு அலுவலகத்தில் "வரவில்லை" என்று பென்ஷனை நிறுத்திவிட்டார்கள். ஏழு மாதம். என் மனைவி தபால் ரசீதை எடுத்துக்கொண்டு பதினோரு முறை ஏறி இறங்கினாள். ஒருவர்கூட உட்காரச் சொல்லவில்லை. ஊருக்கே பாடம் சொன்னவன் வீட்டுப் பெண்ணுக்கு ஒரு நாற்காலி கிடைக்கவில்லை. நீங்கள் போகுமுன் உயிர்வாழ் சான்றை இணையத்திலேயே கொடுக்கும் ஜீவன் பிரமாண் வழியை விசாரித்து வையுங்கள். அனுப்புவது எதுவானாலும் நகல் வீட்டில் இருக்கட்டும்.

சான்றிதழ்களுக்கு வெளியுறவுத்துறை முத்திரையோடு வேலை முடியாது, டெல்லியில் எத்தியோப்பியத் தூதரகத்தின் முத்திரையும் வேண்டும் என்றார்கள். அதற்கு நேரம் ஒதுக்குங்கள். கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் மஞ்சள் காய்ச்சல் ஊசியைக் கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். அந்த மஞ்சள் அட்டையை பாஸ்போர்ட்டோடு சேர்த்து வையுங்கள். விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது அது கையில் இல்லையென்றால் ஆறு நாள் வரை தனியே வைத்துவிடுவார்கள்.