ராத்திரியில் கை மரத்துப்போகிறதா?

கேள்வி: நாள் முழுக்கத் தட்டச்சு வேலை. சில மாதங்களாக நடுராத்திரியில் கை மரத்துப்போய் விழிப்பு வந்துவிடுகிறது. உதறினால் சரியாகிறது. டாக்டர் 'கார்பல் டனல்' பிரச்சினை என்றார். மணிக்கட்டை உள்பக்கமாக நன்றாக மடக்கி, இன்னொரு கையால் அழுத்திப் பயிற்சி செய்கிறேன். குறையவே இல்லை. இன்னும் அதிக நேரம் செய்யலாமா?

பதில்: வேண்டாம். அந்தப் பயிற்சியை இன்றே நிறுத்திவிடுங்கள். மணிக்கட்டுக்குள் இருக்கும் 'கார்பல் டனல்' என்ற குறுகலான பாதை வழியாக ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் போகின்றன. மணிக்கட்டை மடக்கினால் அங்கே அழுத்தம் ஏறும், நசுங்குவது நரம்புதான். ஒரு நிமிடம் மடக்கி வைத்து மரப்பு வருகிறதா என்று பார்ப்பது இந்த நோய்க்கான பரிசோதனைகளில் ஒன்று. பயிற்சி என்று நினைத்து நீங்கள் தினமும் அதைத்தான் செய்கிறீர்கள்!

உங்களுக்குத் தேவை இழுப்பு இல்லை, தசைநாண்கள் தடையில்லாமல் வழுக்கி ஓடுவது. மணிக்கட்டை நேராக வைத்து விரல்களை நீட்டுங்கள். அடுத்து கொக்கி: விரல்களின் மேல் இரண்டு மூட்டுகள் மட்டும் மடங்க வேண்டும், அடி மூட்டு நிமிர்ந்தே இருக்கட்டும். என்னிடம் பிசியோதெரபிக்கு வருகிறவர்கள் பலரும் இந்த இடத்தில் முழு முஷ்டியாக மடக்கிவிடுவார்கள். நான்தான் அடி மூட்டைப் பிடித்து நிமிர்த்திக் காட்டுவேன். மறுபடி நீட்டி, அப்புறம் முஷ்டி. இறுக்காதீர்கள், மூடினால் போதும். மறுபடி நீட்டி, கடைசியாக அடி மூட்டை மட்டும் மடக்கி, விரல்களை மேசைப் பலகைபோல நேராக வையுங்கள். இப்படி ஐந்து சுற்று, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை. நடுவில் சுருசுருவென்றால் வேகத்தையும் அளவையும் குறையுங்கள். வலியைப் பொறுத்துக்கொண்டு செய்வதில் ஒரு பலனும் கிடையாது.

ஆனால் பயிற்சியைவிட நான் அதிகம் நம்புவது ராத்திரி போட்டுக்கொள்ளும் ஸ்பிளின்ட்டைத்தான், அதாவது மணிக்கட்டு மடங்காமல் தாங்கிப் பிடிக்கும் உறையை. தூக்கத்தில் நமக்கே தெரியாமல் மணிக்கட்டு மடங்கிவிடும். விழிப்பு வருவது பெரும்பாலும் அதனால்தான். மணிக்கட்டை நேராகப் பிடித்துவைக்கும் ஸ்பிளின்ட்டாகப் பார்த்து வாங்குங்கள். பட்டையை இறுக்கிக் கட்ட வேண்டாம். ஆறு வாரமாவது விடாமல் போட்டுப் பாருங்கள், நாலு நாளில் கழற்றி வைத்துவிடாதீர்கள்.

எந்த விரல் மரக்கிறது என்பதையும் கவனியுங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி என்றால் இந்த நரம்புதான். சுண்டுவிரலும் சேர்ந்து மரத்தால் டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள், அது வேறு நரம்பாக இருக்கலாம். சர்க்கரை, தைராய்டு இரண்டையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. கர்ப்ப காலத்திலும் இது வருவதுண்டு.

பகலிலும் மரப்பு விடாமல் இருந்தாலோ, பிடித்த பொருள் நழுவி விழுந்தாலோ, கட்டைவிரலின் அடிச்சதை வற்றினதுபோலத் தெரிந்தாலோ பயிற்சியை நம்பி நாளைக் கடத்தாதீர்கள். நரம்புச் சோதனை எடுத்து, தேவைப்பட்டால் அறுவைசிகிச்சை பற்றியும் டாக்டரிடம் பேசுங்கள். வற்றிய சதை பழையபடி திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது.