பீடி குடித்த நெஞ்சை முன்கூட்டிப் பார்ப்பது எப்படி? – கேள்வி பதில்

நான் நெஞ்சக நோய் மருத்துவர். காவிரி டெல்டாவின் அரசு மருத்துவமனைகளில் இருபத்தெட்டு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவள். புகை பிடிப்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறியும் பரிசோதனை பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளுக்கு என்னால் இயன்ற பதில்கள் இவை.

பாபநாசத்திலிருந்து ஒரு மகள்: அப்பாவுக்கு 61 வயது. நாற்பது வருடமாகத் தினம் ஒரு கட்டு பீடி. இருமல்கூடக் கிடையாது. நன்றாக இருப்பவரை எதற்காகப் பரிசோதனைக்கு அழைத்துப் போக வேண்டும்?

நன்றாக இருக்கும்போது பார்ப்பதுதான் இந்தப் பரிசோதனையின் நோக்கமே, அம்மா. நுரையீரலின் உள்ளே வலியை உணரும் நரம்புகள் இல்லை. கடலை அளவுக் கட்டி ஒன்று உள்ளே உட்கார்ந்திருந்தாலும் மனிதர் வயலுக்குப் போவார், சாப்பிடுவார், தூங்குவார். மேலுறையையோ விலா எலும்பையோ தொட்ட பிறகுதான் வலிக்கும். அப்போது பெரும்பாலும் அறுவை சிகிச்சைக்கான காலம் கடந்திருக்கும்.

குறைந்த கதிர்வீச்சில் எடுக்கும் சி.டி. ஸ்கேன்தான் இதற்கு நிரூபிக்கப்பட்ட வழி. அமெரிக்காவில் 53,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2011-இல் வந்தது. வருடம் ஒருமுறையாக மூன்று முறை இந்த ஸ்கேன் எடுத்தவர்களிடையே, எக்ஸ்ரே மட்டும் எடுத்தவர்களைவிட நுரையீரல் புற்றுநோய் மரணம் 20 சதவீதம் குறைந்தது. நெதர்லாந்தும் பெல்ஜியமும் சேர்ந்து நடத்திய ஆய்வு 2020-இல் ஆண்களிடம் 24 சதவீதக் குறைவைக் காட்டியது. அமெரிக்க விதிப்படி 50 முதல் 80 வயதுக்குள் இருந்து, தினம் இருபது சிகரெட் வீதம் இருபது ஆண்டுகளுக்கு ஈடாகப் புகைத்து, இன்னும் புகைப்பவர்கள் அல்லது விட்டுப் பதினைந்து ஆண்டு ஆகாதவர்கள் வருடா வருடம் எடுத்துக்கொள்ளலாம். அந்தக் கணக்கு சிகரெட்டை வைத்துப் போட்டது. பீடிக்காரரை அது நேராகச் சொல்லவில்லை. ஆனாலும் நாற்பது வருடம் தினம் ஒரு கட்டு என்றால், உங்கள் அப்பாவைப் பற்றி ஒரு நெஞ்சக மருத்துவரிடம் கட்டாயம் பேச வேண்டும் என்பேன்.

வலங்கைமான் வாசகர்: போன வருடம் எக்ஸ்ரே எடுத்தோம். ஒன்றும் இல்லை என்றார்கள். அது போதாதா?

போதாது. விலா எலும்பு, இதயம், கழுத்துப்பட்டை எலும்பு இவற்றின் நிழலில் சிறு கட்டி மறைந்துவிடும். வருடா வருடம் எக்ஸ்ரே எடுத்தும் இந்த நோயால் இறப்பவர் எண்ணிக்கை குறையவில்லை என்று 2011-இல் வெளியான இன்னொரு பெரிய ஆய்வு தெளிவாகக் காட்டிவிட்டது.

திருத்துறைப்பூண்டி வாசகர்: மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து பி.பி., சர்க்கரை பார்க்கிறார்கள். இதையும் பார்ப்பார்களா? காப்பீட்டு அட்டையில் எடுக்க முடியுமா?

2021-இல் தொடங்கிய அந்தத் திட்டம் எத்தனையோ முதியவர்களை மாத்திரைக்காக பஸ் ஏறி அலைவதிலிருந்து காப்பாற்றியிருக்கிறது. ஆனால் நுரையீரல் இன்னும் அந்த வாசலுக்குள் வரவில்லை. நம் நாட்டில் முப்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அரசு முன்கூட்டிப் பார்க்கும் புற்றுநோய்கள் வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்று. நுரையீரலுக்கென்று தேசிய அளவில் பரிசோதனைத் திட்டம் இல்லை. காப்பீடு நோயாளியின் சிகிச்சைக்காக அமைந்தது. இருமல்கூட இல்லாத ஒருவர் முன்கூட்டிப் பார்த்துக்கொள்ள அதை நம்பியிருக்க முடியாது. தனியாரிடம் போனால் சில ஆயிரம் ரூபாய் ஆகும். அதோடு அன்றைய கூலி போகும், துணைக்கு வருபவரின் கூலியும் போகும், பஸ் காசு, சாப்பாடு வேறு. நடவு நாளில் இரண்டு பேர் கூலியை விட்டுவிட்டு வா என்று ஒரு குடும்பத்திடம் எந்த முகத்தோடு சொல்வது? என் புறநோயாளிப் பிரிவில் நடவுக் காலத்தில் பெஞ்சுகள் காலியாகக் கிடக்கும். அறுப்பு முடிந்து தை, மாசியில் நிற்க இடம் இருக்காது. நோய் அந்தக் கணக்குப் பார்த்து வளர்வதில்லை.

வேதாரண்யத்திலிருந்து ஒரு தம்பி: மாமாவுக்கு ஐந்து மாதமாக டி.பி. மாத்திரை. இருமல் குறையவில்லை, எடையும் இறங்குகிறது. மாத்திரையை முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்கிறார்கள். காத்திருக்கலாமா?

காத்திருக்க வேண்டாம், தம்பி. இந்த வாரமே அழைத்துப் போங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஒருவர் என் மேசைக்கு முன் வந்து உட்கார்ந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. கையில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் மூன்று எக்ஸ்ரே படங்கள், ஓரம் மடங்கி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு. தேதி வாரியாகப் பிரித்து ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பிடித்தேன். முதல் படத்தில் வலது மேல்புறம் நகக்கண் அளவு வெளுப்பு. இரண்டாவதில் அதே இடத்தில் எலுமிச்சை அளவு. மூன்றாவதில் கைப்பிடி அளவு. இடையில் சளியில் கிருமி தெரியாமலேயே இரண்டு தடவை டி.பி. மருந்து கொடுத்திருந்தார்கள். மூன்று படங்களையும் யாரும் ஒரே நேரத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. அவர் குறை சொல்லவே இல்லை. “மாத்திரையை ஒரு நாளும் தவறவிடவில்லை அம்மா” என்று மட்டும் சொன்னார்.

டி.பி.யும் புற்றுநோயும் ஒரே மாதிரி வரும். இருமல், சளியில் ரத்தம், மெலிவு, மாலைக் காய்ச்சல், எக்ஸ்ரேயில் நிழல் என எல்லாம் ஒத்திருக்கும். டி.பி. மிகுந்த நாட்டில் மருத்துவரின் மனம் முதலில் அங்கே போவது இயல்பு, பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். அதனால் மாமாவின் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். கேட்க வேண்டியது இதுதான்: சளிப் பரிசோதனையில் கிருமி தெரிந்ததா? தெரியாமல் மருந்து தொடங்கியிருந்தால், நாற்பது வயது கடந்த புகைப்பவருக்கு, இரண்டு மாதத்தில் தேற்றம் இல்லை என்றாலே சி.டி. ஸ்கேன் கேளுங்கள். கிருமி தெரிந்திருந்தாலும் ஐந்தாம் மாதத்தில் எடை இறங்குவது சரியல்ல. மருந்துக்கு அடங்காத டி.பி.யா என்றும் பார்க்க வேண்டும். குரல் கம்மியிருந்தாலோ, விரல் நுனி உருண்டு நகம் கிளிமூக்குப் போல் வளைந்திருந்தாலோ அதையும் மறக்காமல் சொல்லுங்கள். உங்கள் மாமாவுக்கு இது முன்கூட்டிப் பார்க்கும் பரிசோதனை அல்ல. நோய்க்குறி உள்ளவருக்கான ஸ்கேன் என்பதால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேட்டு எடுக்க முடியும்.

கும்பகோணம் கல்லூரி மாணவி: பணக்கார நாடுகளில் செய்வதை நம்மைப் போன்ற நாடுகள் ஏன் செய்வதில்லை? இயந்திரம் வாங்கினால் தீர்ந்துவிடாதா?

தீராது. அமெரிக்க ஆய்விலேயே ஏறத்தாழ நான்கில் ஒரு ஸ்கேன் சந்தேகம் காட்டியது. அப்படிக் காட்டியவற்றில் 96 சதவீதம் புற்றுநோய் அல்ல. நம் ஊரில் பழைய டி.பி. தழும்பு எத்தனை நெஞ்சில் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு தழும்பும் ஒரு சந்தேகம், ஒரு மறு ஸ்கேன், சில சமயம் ஊசி போட்டுச் சதை எடுக்கும் பரிசோதனை. படத்தைப் படிக்க ஆள் வேண்டும், நெஞ்சு அறுவை மருத்துவர் வேண்டும், மூன்று மாதம் கழித்து அதே நபரை மறுபடி வரவழைக்கும் ஏற்பாடு வேண்டும். அது எதுவும் இல்லாமல் ஸ்கேன் மட்டும் எடுத்து அனுப்புவது மனிதரைக் கலவரப்படுத்திக் கைவிடுவதாகும். வசதி இருந்தும் அமெரிக்காவில் தகுதியுள்ளவர்களில் பெரும்பாலோர் எடுத்துக்கொள்வதில்லை என்பதையும் பாருங்கள்.

ஆனாலும் எனக்கு ஓர் ஆசை உண்டு. இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஸ்கேன் இயந்திரத்தை லாரியில் ஏற்றிக் கடைத்தெரு வாகன நிறுத்தத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள், ஏழைக் குடியிருப்புகளுக்குப் பக்கத்திலேயே. மக்கள் வந்தார்கள். நம்மிடம் நேரடி நெல் கொள்முதல் நிலையங்கள் இருக்கின்றன. மூட்டைக்குக் காவலாக இரண்டு நாள், மூன்று நாள் என்று ஐம்பது வயதுக்காரர்கள் அங்கேதான் படுத்துக் கிடக்கிறார்கள். வண்டி அங்கே போகட்டும்.

மன்னார்குடி வாசகர்: அப்பாவிடம் பேச்சை எடுத்தாலே “வந்தால் வந்துவிட்டுப் போகட்டும்” என்று எழுந்து போய்விடுகிறார். எப்படி அழைத்து வருவது?

இதைத்தான் அதிகம் பேர் கேட்டிருக்கிறீர்கள். அவர் சாவுக்கு அஞ்சாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். நோய் என்று தெரிந்தால் பிள்ளைகள் நிலத்தை விற்றுவிடுவார்கள் என்று அஞ்சுகிறார். அதைவிட, “குடித்தாய் அல்லவா, அனுபவி” என்று நாலு பேர் நடுவில் யாராவது சொல்லிவிடுவார்கள் என்று அஞ்சுகிறார். மருத்துவமனைகளில் நாங்களே அதைச் சொல்லியிருக்கிறோம், உரக்கச் சொல்லியிருக்கிறோம். ஒருவரிடம் “எத்தனை வருடமாகக் குடிக்கிறாய்?” என்று கேட்டபோது, அவர் கை தானாகச் சட்டைப் பையை மூடியது. பீடிக்கட்டு புடைத்துக்கொண்டு தெரிந்தது. “விட்டுவிட்டேன் அம்மா” என்றார். சீட்டில் அப்படியே எழுதினேன். அந்தப் பொய்யை அவர் வாயில் வைத்தது என் கேள்விதான்.

பிறகு கேள்வியை மாற்றிக்கொண்டேன். “பீடி எப்போது பழக்கமானது ஐயா?” என்று கேட்பேன். பலர் ஒரே கதையைச் சொல்வார்கள். ஏழெட்டு வயதில், வயலிலிருந்து வந்த தாத்தா பீடியைக் கையில் கொடுத்து “அடுப்பில் பற்றவைத்துக்கொண்டு வாடா” என்பார். அணையாமல் இருக்க வழியில் ஓர் இழுப்பு. அங்கே தொடங்கியது. எட்டு வயதுப் பையனை எந்த வாயால் திட்டுவது?

உங்கள் அப்பாவிடம் புற்றுநோய் என்ற சொல்லில் தொடங்காதீர்கள். அந்தக் கதையைக் கேளுங்கள். பீடியை விட்டால்தான் பரிசோதனை என்றும் நிபந்தனை வைக்காதீர்கள். விடுவது மிக முக்கியம், விட்டுப் பத்தாண்டில் நுரையீரல் புற்றுநோயால் இறக்கும் ஆபத்து ஏறத்தாழ பாதியாகும். 1800-11-2356 என்ற கட்டணமில்லாத எண்ணில் பேசலாம், பீடிக்கட்டிலேயே அச்சிட்டிருக்கும். ஆனால் இரண்டையும் ஒரே நாளில் தலையில் ஏற்றினால் மனிதர் இரண்டையும் உதறிவிடுவார்.

சீர்காழி வாசகர்: பீடி இலைதானே, சிகரெட் அளவுக்குக் கெடுதல் இல்லை என்கிறார்களே?

தவறு. புகையிலை குறைவாக இருந்தாலும் பீடி அடிக்கடி அணையும். அணையாமல் வைக்க அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டும். தாரும் கார்பன் மோனாக்சைடும் சிகரெட்டைவிடக் கூடுதலாக உள்ளே போகின்றன.

நீடாமங்கலத்திலிருந்து ஓர் அம்மா: நான் புகைத்ததில்லை. முப்பது வருடம் விறகடுப்பு, வீட்டுக்காரர் சுருட்டு. எனக்கும் ஸ்கேன் வேண்டுமா?

உங்களுக்கும் ஆபத்து உண்டு, ஆனால் இந்த ஸ்கேன் விதிகள் புகைத்தவர்களுக்கே வகுக்கப்பட்டவை. மூன்று வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் அடுப்புப் புகை என்று தள்ளிப்போடாமல் காட்டுங்கள்.

திருவையாறு வாசகர்: ஸ்கேனுக்கு நாள் குறித்துவிட்டோம். வெறும் வயிற்றில் வர வேண்டுமா? ஊசி உண்டா?

இரண்டும் இல்லை. சாப்பிட்டுவிட்டே வரலாம். கையைத் தலைக்கு மேல் தூக்கிப் படுக்க வேண்டும், ஒரே ஒரு முறை மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டும், சில நொடிகளில் முடிந்துவிடும். முன்னால் நாலைந்து தடவை வீட்டில் மூச்சுப் பிடித்துப் பழகச் சொல்லுங்கள். அரைஞாண் கயிற்றில் தாயத்து இருந்தால் முன்பே நுட்பநரிடம் சொல்லிவிடுங்கள். வீட்டில் எங்கே செருகி வைத்திருந்தாலும், எத்தனை பழையதானாலும், முன்பு எடுத்த எக்ஸ்ரே படங்கள் அத்தனையையும் தேடி எடுத்து வாருங்கள். எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கிப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.